ஆட்சேபிக்கப்பட்டோர் மன்றம் ஏறிய கதை: ஹாம்டிராமிக் நகரின் வரலாற்றிலிருந்து



சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் இளைஞர் ஒருவர் மதரஸாவுக்கு வந்து நம்மருகே அமர்ந்தார். சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவர். இப்போது கடைத்தெருவில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கின்றார். நம் மாநிலத்தில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று நடைபெற்றது. அம்மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் நிறைவை நெருங்குகின்றது. அடுத்த தேர்தலில் தம் வார்டில் நிற்குமாறு நண்பர்கள் அவரைத் தூண்டுகின்றனராம். "ஹஜ்ரத், பதவியைக் கேட்டுப் பெறக் கூடாது என்று நீங்கள்தாமே பாடம் நடத்தினீர்கள்? நான் மனுத்தாக்கல் செய்தால் அது கேட்டுப் பெறுவது ஆகாதா?" என்றார்.

நியாயமான கேள்வி. அதிகாரத்தைக் கேட்டுப் பெற வேண்டாம் என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு சமுரா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தியை நாம்தாம் அவருக்கு ஓதிக் கொடுத்தோம். மறுபுறம், எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைத் தாமே முன்வந்து கேட்ட நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் இருக்கின்றது. பதவியின் மீதுள்ள மோகத்தால் கேட்பது வேறு, தகுதியுடையவர் ஒதுங்கி நின்றால் மக்களின் உரிமை பாழாகும் என்ற நிலையில் முன்வருவது வேறு என்று உலமாக்கள் இவ்விரண்டையும் இணக்கிப் பொருள் கொண்டனர். இதை அவருக்கு விளக்கினோம். தலையசைத்தார்; ஆயினும் அவர் முகம் தெளியவில்லை. சட்டம் அவருக்கு விளங்கிவிட்டது. நின்றால் என்ன ஆகும், வென்றால் என்ன ஆகும் என்பதைத்தாம் அவர் காண விரும்பினார். ஆகவே ஒரு ஊரின் வரலாற்றை அவருக்குச் சொன்னோம். அதனையே இங்கு வாசகர்களுக்கும் எழுதுகின்றோம்.

அவ்வூரின் பெயர் ஹாம்டிராமிக். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஏறத்தாழ முழுவதும் டெட்ராய்ட் மாநகரால் சூழப்பட்ட ஐந்து சதுர கிலோமீட்டர் அளவேயுள்ள சிறு நகரம். 2015 நவம்பரில் "அமெரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மை பெற்ற முதல் நகரமன்றம்" என்று ஒரு செய்தி நம் அனைவரின் கைபேசிக்கும் வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். நாமும் அதனை மகிழ்ச்சியோடு பத்துப் பேருக்கு அனுப்பினோம். அவ்வூரைப் பற்றி வேறெதுவும் அப்போது நமக்குத் தெரியாது. பின்னர் படிக்கப் படிக்க, நாம் அனுப்பிய செய்தி நீண்டதொரு கதையின் நடுவிலிருந்து கிழித்தெடுத்த ஒரு தாள் என்பது புலப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு கிராமம். 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு 3,559 பேரே வாழ்ந்தனர். டாட்ஜ் சகோதரர்கள் அங்கே பெரும் கார்த் தொழிற்சாலை ஒன்றை எழுப்பினர். பத்தே ஆண்டுகளில் மக்கள்தொகை 48,615 ஆயிற்று. வந்தோரில் பெரும்பாலோர் போலந்து நாட்டுக் கத்தோலிக்கர். மொழி தெரியாதவர்கள், ஏழைகள், பிறரால் இழிவாகப் பேசப்பட்டவர்கள். 1922இல் ஹாம்டிராமிக் தனி நகரமாயிற்று. அன்று தொட்டு ஏறத்தாழ நூறாண்டுகள் அந்நகரின் மேயர் நாற்காலியில் போலந்து வமிசாவளியினரே தொடர்ந்து அமர்ந்தனர்.

அந்நூறாண்டுகளில் நடந்த ஒன்றை மட்டும் இங்குச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1950களிலும் 1960களிலும் நகரச் சீரமைப்பு என்னும் பெயரில் அம்மன்றம் பழைய குடியிருப்புகளை இடித்தது. இடிபட்டவை பெரிதும் கறுப்பின மக்களின் வீடுகள். இடம்பெயர்ந்தவர்கள் அவ்வூரில் மீண்டும் குடியேற வழி செய்யப்படவில்லை. 1968இல் அம்மக்கள் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றனர். அவ்வழக்கு கேரட் எதிர் ஹாம்டிராமிக் நகரம் என்று அழைக்கப்படுகின்றது. 1971இல் நீதிபதி டாமன் கீத், நகரம் கறுப்பின மக்களைத் திட்டமிட்டே வெளியேற்றியது எனத் தீர்ப்பளித்தார். அவருடைய தீர்ப்பு முழுமையாக நிறைவேற ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. வீடிழந்தோருள் பலர் வீட்டைக் காணாமலேயே இறந்தனர். நேற்று வரை பிறரால் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், மன்றத்தில் பெரும்பான்மை பெற்றதும் தனக்குக் கீழே இருந்தவர்களை என்ன செய்தது என்பதற்கு இது சான்று. இவ்வழக்கைக் கதையின் இறுதி வரை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகின்றோம்.

1980இல் டாட்ஜ் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊர் இளைத்தது, வாடகை குறைந்தது. குறைந்த வாடகை புதியவர்களை அழைத்து வரும். கார்த் தொழிற்சாலைகளில் வேலைக்கென வந்த யமன் நாட்டவர் ஏற்கெனவே அப்பகுதியில் இருந்தனர். 1990களில் நியூயார்க்கின் வாடகையைத் தாங்க இயலாத வங்காளதேசத்தவர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். போரில் தப்பிய போஸ்னியரும் வந்தனர். பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன, பள்ளிவாசல்கள் தோன்றின. இவர்கள் குடியுரிமை பெற்றனர், வரி கட்டினர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தனர்.

பின்னர் 1999 நவம்பர் 2 வந்தது. அன்று நகரத் தேர்தல்.

மிச்சிகன் மாநிலச் சட்டப்படி, பதிவுபெற்ற அமைப்புகள் வாக்குச்சாவடியில் ஆட்சேபம் எழுப்புவோரை நியமிக்கலாம். நம் நாட்டின் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் விதிகளிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. வேட்பாளரின் முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஒரு வாக்காளரின் அடையாளத்தை ஆட்சேபிக்கலாம். முறையாகப் பயன்பட்டால் கள்ள வாக்கைத் தடுக்கும் நல்ல விதி அது. ஹாம்டிராமிக்கில் அன்று அது வேறு விதமாகப் பயன்பட்டது. "மேம்பட்ட ஹாம்டிராமிக்குக்கான குடிமக்கள்" என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழுவினர் சாவடிகளில் நின்று, தோல் கறுத்தவர்களையும், முஹம்மது, அஹ்மது, அலி என்ற பெயர் கொண்டவர்களையும் வரிசையிலிருந்து பிரித்தெடுத்தனர். இவர் குடிமகன் அல்லர் என ஆட்சேபித்தனர். தேர்தல் அலுவலர்களோ அவ்வாட்சேபத்துக்கு அடிப்படை உண்டா என்று விசாரிக்கவே இல்லை. ஆட்சேபிக்கப்பட்டவர்கள் வலக்கையை உயர்த்தி, நான் அமெரிக்கக் குடிமகன் என்று சத்தியம் செய்தால்தான் வாக்குச்சீட்டு என்றனர். அமெரிக்கக் கடவுச்சீட்டைக் கையில் காட்டியவர்களையும் விடவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு நிறுத்தப்பட்டனர். வெள்ளையர் எவரையும் எவரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை.

இதைப் படித்தபோது நம் மனத்தை வாட்டியது சத்தியம் அன்று. சத்தியம் செய்வதில் ஒரு குடிமகனுக்கு இழப்பொன்றும் இல்லை. தன் மகனோடும் அண்டை வீட்டாரோடும் வரிசையில் நிற்கும் ஒரு பெரியவரை, அவருடைய பெயருக்காகத் தனியே அழைத்து நிறுத்துவதில்தான் காயம் இருக்கின்றது. நம் வாசகர்களுள் இதனை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையுள்ளோர் மிகச் சிலரே இருப்பர்.

அம்மக்கள் கல்லெறியவில்லை, கடையடைக்கவும் இல்லை. முறையிட்டனர். அமெரிக்க நீதித்துறை 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2000 ஆகஸ்டில் நகரம் ஓர் இணக்க ஆணைக்கு உடன்பட்டது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் அரபு அமெரிக்கர் இருவரோ, அரபு அமெரிக்கர் ஒருவரும் வங்காள அமெரிக்கர் ஒருவருமோ தேர்தல் அலுவலராக அமர வேண்டும். அலுவலர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பன அதன் விதிகள். ஆட்சேபிக்கப்பட்ட சமூகத்தின் மகனும் மகளும் அடுத்த தேர்தலில் மேசைக்கு மறுபுறம் அமர்ந்தனர். மன்ற உறுப்பினர் என்னும் பெயரைப் பெறுவதற்கு முன்பே இச்சமூகம் பெற்ற முதல் பொறுப்பு இதுதான். யாரும் இதற்கு மாலை போடுவதில்லை. செய்திகளிலும் இது வருவதில்லை. ஆனால் பின்னர் வந்த வெற்றிகளுக்கெல்லாம் தலைவாசல் இதுவே என்பது நம் கருத்து.

2001இல் ஷஹாப் அஹ்மது என்னும் வங்காளதேச வமிசாவளியினர் நகரமன்றத்துக்குப் போட்டியிட்டார். தேர்தல் நவம்பரில். செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் நடந்தது உலகறிந்தது. ஈராண்டுகளுக்கு முன் ஆட்சேபம், இப்போது துண்டறிக்கை: அவரை அத்தாக்குதல்காரர்களோடு இணைத்துப் பேசும் இழிவான தாள்கள் ஊரில் பரப்பப்பட்டன. அவர் தோற்றார். 2003இல் மீண்டும் நின்றார், வென்றார். நம்மவர்களுள் ஒரு முறை தோற்றதும் ஜமாஅத்தாரைச் சபித்துவிட்டு வீட்டோடு இருந்துவிடும் நண்பர்களை நாம் அறிவோம். அவர்கள் இவ்விரண்டு ஆண்டுகளைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம்.

அங்குத் தேர்தல் நடக்கும் முறையையும் சொல்ல வேண்டும். ஹாம்டிராமிக்கில் வார்டுகள் இல்லை. மன்றத்தில் ஆறு இடங்கள். ஆறும் ஊர் முழுமைக்கும் பொதுவானவை. ஈராண்டுக்கு ஒரு முறை மூன்று இடங்களுக்குத் தேர்தல். அதிக வாக்குப் பெறும் மூவர் வெல்வர். கட்சிச் சின்னம் கிடையாது. ஆகவே தன் தெருவாரின் வாக்கை மட்டும் கொண்டு ஒருவர் மன்றம் புகுவது கடினம். வங்காளதேசத்தவர் யமனியரின் கதவைத் தட்ட வேண்டும். இருவரும் போலந்துப் பாட்டிமார்களின் வாசலில் நிற்க வேண்டும். நம் ஊர்களிலோ பல இடங்களில் மஹல்லாவும் வார்டும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பள்ளிவாசல் நிர்வாகிகள் நால்வர் உடன்பட்டால் வேட்பாளர் பாதி வென்றுவிட்டதாகக் கருதப்படுகின்றார். இது வசதி, ஆனால் மஹல்லாவுக்கு வெளியே அதே வார்டில் இருக்கும் இரண்டு தெருக்களை வேட்பாளர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதும் இவ்வசதியால் விளைந்ததே.

ஷஹாப் அஹ்மது மன்றத்தில் அமர்ந்திருந்த காலத்தில்தான் பாங்குப் பிரச்சினை எழுந்தது. அல்-இஸ்லாஹ் இஸ்லாமிய மையம் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல நகரமன்றத்தை அணுகியது. 2004 ஏப்ரலில் மன்றம் தன் இரைச்சல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியது. பாங்கும் தேவாலய மணியும் ஒரே விதியில் எழுதப்பட்டன: காலை 6 மணிக்கு முன்னும் இரவு 10 மணிக்குப் பின்னும் ஒலிபெருக்கி கூடாது, ஒரு முறைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன என்பது ஒப்பு நோக்கத்தக்கது. டெட்ராய்ட் பகுதியில் கோடையில் கதிரவன் மறையவே இரவு 9 மணி கடந்துவிடும். இஷா 10 மணிக்குப் பின்னர். ஃபஜ்ரோ 6 மணிக்கு வெகு முன்னர். ஆகவே நடுக்கோடையில் ஐந்தில் மூன்று பாங்குகளே அங்கு ஒலிபெருக்கியில் கேட்கும். அம்மக்கள் அதனை ஏற்றனர். பாங்கு சுன்னத்து, ஒலிபெருக்கி ஒரு கருவி. இவ்வேறுபாட்டை அறிந்தவர்களே அந்த மேசையில் பேசினர் என்பதில் நமக்கு மகிழ்ச்சி.

ஆயினும் ஊர் கொந்தளித்தது. கையொப்பம் திரட்டப்பட்டது. 2004 ஜூலை 20 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருத்தம் நீங்கினால் பாங்கு நின்றுவிடாது. நேரத்தையும் ஒலியளவையும் கட்டுப்படுத்த நகரத்துக்கிருந்த அதிகாரமே நீங்கும். எதிர்த்து வாக்களித்தோருள் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்ததோ! முடிவு: ஆதரவு 1,462, எதிர்ப்பு 1,200. முஸ்லிம்களின் வாக்கு மட்டும் இவ்வெண்ணிக்கையைத் தரவில்லை. பிற சமயத்தார் அணிதிரண்டு ஆதரவு கேட்டனர். மன்றத் தலைவராக இருந்து அத்திருத்தத்துக்குத் துணை நின்றவர் கரேன் மஜேவ்ஸ்கி என்னும் போலந்து வமிசாவளிப் பெண்மணி. முனைவர் பட்டம் பெற்ற அவர், 2006 முதல் அந்நகரின் முதல் பெண் மேயராகப் பதினாறாண்டுகள் இருந்தார். 2015இல் மன்றம் முஸ்லிம் பெரும்பான்மை பெற்றபோது ஒரு தொலைக்காட்சியில் அவரிடம், உங்களுக்கு அச்சமில்லையா என்றே கேட்டனர். அவர் அக்கேள்வியைப் பொருட்படுத்தவில்லை.

இடையில் ஒன்று. இவ்வாண்டுகளில் அம்மன்றம் இரு முறை வெறும் பெயரளவுக்கே இருந்தது. 2000இலும் 2013இலும் நகரத்தின் கருவூலம் வறண்டதால், மாநில அரசு நிதிப் பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தி முடிவெடுக்கும் அதிகாரத்தை அவரிடம் ஒப்படைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடிப் பேசிக் கலைந்தனர். மன்றத்தில் யார் அமர்கின்றார் என்பதற்காக இத்தனை போராடிய ஊரில், குப்பை அள்ளுவதற்கும் காவலர் ஊதியத்துக்கும் பணம் இருக்கின்றதா என்பதே முதற் கேள்வியாக நின்றது. நகரமன்றத் தேர்தலில் நிற்க விரும்புவோர் வரவு செலவுக் கணக்கைப் படிக்கக் கற்க வேண்டும் என்று அவ்விளைஞரிடம் சொன்னோம். அவர் சிரித்தார். நாம் சிரிக்கவில்லை.

2015இல் வென்ற மூவருள் அதிக வாக்குப் பெற்றவர் சஅத் அல்மஸ்மரி. யமனிலிருந்து 2009இல் வந்தவர். அவருடைய விளம்பரத் தாளின் மீதும் முஸ்லிம்களை வெளியேற்றுவோம் என எழுதிப் பரப்பினர். இம்முறை அது பலிக்கவில்லை. ஆறு இடங்களில் நான்கு முஸ்லிம்களுக்கு என்றாயிற்று. 2021 நவம்பரில் யமனில் பிறந்த ஆமிர் காலிப் மேயரானார்; மஜேவ்ஸ்கி தோற்றார். 2022 ஜனவரியில் பதவியேற்ற மன்றத்தின் அறுவரும் முஸ்லிம்கள். அவர்களுள் ஒருவர் போலந்து வமிசாவளியில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய அமாண்டா யாஸ்கோவ்ஸ்கி. அந்நகரின் இரு வரலாறுகளும் அப்பெண்மணியின் பெயரிலேயே சந்தித்துக்கொண்டன.

நம் கைபேசியில் வந்த செய்தியைப் போன்றவை இங்கு முடிந்துவிடும். வரலாறு முடியவில்லை.

2023 தொடக்கத்தில் வீட்டு வளாகத்தில் குர்பானி கொடுக்க மன்றம் அனுமதி வழங்கியது; முன்னறிவிப்பு, கட்டணம், தூய்மை குறித்த ஆய்வு என விதிகளும் எழுதப்பட்டன. முஸ்லிம்களிடையேயும் இதில் ஒத்த கருத்து இருக்கவில்லை. அருகிலேயே முறையான அறுப்புக்கூடங்கள் இருக்கையில் நெருக்கமான குடியிருப்பில் இது தேவையா என்றனர் சிலர். அவர்களுடைய கவலையில் நியாயம் உண்டு என்றே நாமும் கருதுகின்றோம்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில், நகரத்துக்குச் சொந்தமான இடங்களில் அரசுக் கொடிகளும் நாடுகளின் கொடிகளும் தவிர வேறு கொடி பறக்கக் கூடாது என்று மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. வானவில் கொடியே அதன் இலக்கு என்பதை எல்லோரும் அறிவர். தீர்மானத்தை மீறி அக்கொடியை ஏற்றிய மனித உறவுகள் ஆணையத்தின் உறுப்பினர் இருவர் நீக்கப்பட்டனர். அக்கொடி குறிக்கும் வாழ்க்கை முறை பற்றி மார்க்கத்தின் தீர்ப்பு என்னவென்பதை வாசகர்கள் அறிவர். அதில் நாம் மாற்றுக் கருத்து எழுத வரவில்லை. அத்தீர்மானத்தை அவ்வூர் முஸ்லிம்களுள் பலர் தங்கள் நம்பிக்கைக்குரிய வெற்றியாகவே கண்டனர். நாம் குறிப்பிட விரும்புவது வேறொன்று. 2004இல் பாங்குக்காக வாசல் வாசலாக ஏறி வாக்குக் கேட்ட பிற சமயத்தாருள் சிலர் இத்தீர்மானத்தைக் கண்டு, உங்களுக்கு அச்சுறுத்தல் வந்தபோது நாங்கள் உடன் நின்றோம், இன்று எங்களை அச்சுறுத்துவது நீங்களா என்று வருந்தினர். முன்னாள் மேயர் மஜேவ்ஸ்கி இக்கருத்தை வெளிப்படையாகவே கூறினார். அவ்வருத்தத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மன்றத்தில் அமர்ந்தவர் அதைக் கேட்டு, விடை சொல்லியாக வேண்டும். தம்மை விட்டால் நாதியற்றவர் என்ற நிலையில் இருக்கும் சிறு தொகையினரைப் பெரும்பான்மை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கு, 1971ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதே ஊரின் ஆவணங்களில் கிடக்கின்றது.

இதனினும் நம்மை அதிகம் கலங்கச் செய்த செய்தி 2025 ஆகஸ்டில் வந்தது. 2023ஆம் ஆண்டு மன்றத் தேர்தலில் அஞ்சல் வாக்குகளில் முறைகேடு செய்ததாக இரு மன்ற உறுப்பினர்கள் மீது மாநிலத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் குற்றம் சாட்டியது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் கையொப்பமிட்ட வெற்று வாக்குச்சீட்டுகளைப் பெற்று, அவற்றில் வேட்பாளர் பெயரைத் தாங்களே நிரப்பினர் என்பது அக்குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. ஆதலால் பெயர்களை நாம் எழுதவில்லை, எவரையும் குற்றவாளி என்றும் சொல்லவில்லை. ஆனால் இத்தகையதொரு குற்றச்சாட்டு அவ்வூரில் எழுந்ததே நெஞ்சை அறுக்கின்றது. புதிதாகக் குடியுரிமை பெற்றவரின் வாக்கு அது. 1999இல் வலக்கையை உயர்த்தச் சொல்லி நிறுத்தப்பட்ட அதே மனிதரின் வாக்கு. அன்று அதனை அவர் கையிலிருந்து பறிக்க வந்தவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வாக்கு ஓர் அமானிதம் என்று ஜும்ஆ மேடைகளில் நாம் அடிக்கடி கூறுகின்றோம். கேட்போர் அதனை வாக்களிப்பவருக்குரிய அறிவுரையாகவே கொள்கின்றனர். வாக்கைத் தன் கைவழியே கொண்டு செல்பவர், எண்ணுபவர், சாவடியில் முகவராக அமர்பவர் ஆகிய அனைவரின் தோளிலும் அதே அமானிதம் ஏறுகின்றது. அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்பு வேண்டியபோது, அது மறுமையில் இழிவாகவும் கைசேதமாகவும் முடியலாம் என்று எச்சரிக்கப்பட்டார்கள். அத்தகைய உத்தமருக்கே அந்த எச்சரிக்கை.

2025 நவம்பர் 4 அன்று ஹாம்டிராமிக்கில் மேயர் தேர்தல் நடந்தது. இறுதிப் போட்டியிலிருந்த இருவரும் முஸ்லிம்கள். ஒருவர் யமனியப் பின்னணியினர், மற்றவர் வங்காளதேசப் பின்னணியினர். முதல் எண்ணிக்கையில் ஆடம் அல்ஹர்பி 11 வாக்கு வித்தியாசத்தில் முன்னின்றார். அதன் பின்னர், எண்ணப்படாத 37 அஞ்சல் வாக்குகள் நகரச் செயலர் அலுவலகத்தில் இருப்பது தெரிய வந்தது. அவ்வறைக்குள் இடையில் யார் யார் சென்று வந்தனர் என்ற ஐயம் எழுந்தது. அவற்றை எண்ணலாமா கூடாதா என்பதில் மாவட்டத் தேர்தல் வாரியத்தின் நான்கு உறுப்பினர்களும் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தனர். தகுதியுள்ள 37 பேரின் வாக்கு மேசை மீது கிடந்தது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த நம் இளைஞர், "அப்படியானால் நிற்க வேண்டாம் என்கிறீர்களா, ஹஜ்ரத்?" என்றார். அவ்வாறு நாம் சொல்லவில்லை. 1999இல் அந்த நாற்பது பேரும் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இக்கதையில் எழுதுவதற்கு ஒன்றுமே இருந்திராது. இஸ்திகாரா தொழுங்கள், உங்கள் தாயாரின் சம்மதத்தைக் கேளுங்கள் என்றோம். பின்னர் ஒன்று கேட்டோம்: உங்கள் வார்டில் பள்ளிவாசல் தெருக்களைத் தவிர வேறு எத்தனை தெருக்கள் இருக்கின்றன? அவருக்குத் தெரியவில்லை. வாக்காளர் பட்டியலை வாங்கித் தெருத் தெருவாகச் சென்று பார்த்துவிட்டு வாருங்கள், மனுத்தாக்கலைப் பற்றி அதன் பின்னர் பேசுவோம் என்று அனுப்பி வைத்தோம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மீண்டும் வந்தார். மஹல்லாவுக்கு வெளியே மூன்று தெருக்களாம். கடைசித் தெருவில் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் வசிக்கின்றன. ஊர்க் கழிவுநீரைத் தள்ளும் அவர்களுடைய வாசலிலேயே வாய்க்கால் அடைத்துக்கொண்டு ஈராண்டாகத் தண்ணீர் தேங்கி நிற்கின்றதாம். தேர்தலைப் பற்றி அன்று அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அவ்வாய்க்காலுக்கு யாரிடம் மனு எழுத வேண்டும் என்று கேட்டார். நகராட்சி ஆணையருக்கு எழுதுமாறு கூறி, மனுவின் முதல் பத்தியை இருவரும் சேர்ந்து எழுதினோம்.